யாழ்தேவியை இழுத்த கனடா எஞ்சின்

மாங்குளம், கிளிநொச்சி வழியே கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவியை இழுத்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள், கனடாவின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் கட்டியவை. 1954இல் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் வரத் தொடங்கின; ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர்களே வைத்தார்கள்.

12 சிலிண்டர், 1,425 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரண்டு அசைவுக்கு ஒரு எரிப்பு). இந்த வகையில் சிலிண்டர் தானாகக் காற்றை இழுக்காது, புளோவர் என்ற காற்றூதிதான் தள்ளவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் வன்னிப் புழுதி வடிகட்டியை அடைத்தால் காற்றுக் குறையும், டீசல் அரைகுறையாக எரியும், கரும்புகை வரும், இழுவை விழும். முதலில் வடிகட்டியைப் பாருங்கள். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் கைவைப்பது அதற்குப் பிறகுதான்.

இதன் உண்மையான கெட்டித்தனம் வேறு. ஹெட் (சிலிண்டர் மூடி), லைனர் (சிலிண்டரின் உள்உறை), பிஸ்டன் எல்லாம் ஒரே தொகுதியாகக் கழலும். பழுதான சிலிண்டரை மட்டும் மாற்றலாம், எஞ்சினை இறக்கவே தேவையில்லை. அறுபது வருடம் தாண்டியும் சில ஓடியதற்கு இது பெரிய காரணம்.

1990இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது 2013 செப்டெம்பரில்.