முதல் இடிக்கே விசில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பழையவர்களுக்குப் புரியும். பெஸ்தாரி ஜெயா என்பது பிறகு வந்த பெயர். இங்கே ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் 19 ஆண்டுகளாக அறுவடைக் கூட்டத்தை மேய்த்து வருகிறேன். குலை பழுத்ததா, லாரி வந்ததா, பாதை சேறானதா என்பதெல்லாம் என் பொறுப்பு. ஆனால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை என் கண் பாதி நேரம் வானத்தில்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இடிமழை பற்றிய பகுதியில் காட்டிய படங்கள் எல்லாம் அமெரிக்கச் சமவெளிகளைப் பற்றியவை. அங்கே வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏறி வருகிறது. வடக்கிலிருந்து குளிர்ந்த, கனத்த காற்று இறங்குகிறது. கனத்த காற்று ஆப்பு இறக்கியதுபோல அடியில் நுழைந்து ஈரக்காற்றை மேலே தள்ள, அந்தக் குளிர்முகப்புக்கு முன்னால் இடிமேகங்கள் அணிவகுக்கின்றன. ஆலங்கட்டியும் சுழற்காற்றும் அவற்றோடு வருகின்றன. முகப்பு எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். முதல் நாளே ஊருக்கு எச்சரிக்கை போய்விடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு முழு நாள் முன்கூட்டித் தெரிந்தால் நான் எத்தனை பேரைக் காட்டுக்குள் அனுப்பாமல் இருந்திருப்பேன்!

நமக்கு அந்தக் கோடு கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறோம். இவ்வளவு தெற்கே குளிர்முகப்பு வருவதில்லை. மார்ச் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்காத இடைக்காலம் அது. காலை முழுவதும் இலை அசையாது. பதினொரு மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மலாக்கா நீரிணையிலிருந்து கடல்காற்று உள்ளே வந்து சூடேறிய நிலக்காற்றோடு மோதும். ஒரு மணிக்குப் பஞ்சுப்பொதியாக இருந்த மேகம் இரண்டரைக்குக் கருங்கல் மலையாக நிற்கும். வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை கைப்பேசிக்கு வருகிறது, பார்க்கிறேன். ஆனால் அது சில மணி நேரத்துக்கும் ஒரு மாவட்டத்துக்கும் உரியது. என் நிரைக்கு மேலே இருக்கிற மேகத்தைப் பற்றி நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவை ஒருமுறை தவறாக எடுத்தேன். ஏழு ஆண்டுகளுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம். உயரமான பழைய மரங்கள் நிற்கும் பகுதி அது. மரத்தின் உயரத்துக்கு ஏற்ப அலுமினியக் கோலை நீட்டி, நுனியில் இருக்கும் அரிவாளால் குலையை வெட்டுவார்கள். உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "தம்பி, காற்று மாறிவிட்டது" என்றார். நானும் உணர்ந்தேன். இரண்டே நிமிடத்தில் புழுக்கம் போய் உடம்பு சிலிர்த்தது. மட்டைகள் ஒரே பக்கமாகத் திரும்பி வெளுத்தன. மேகத்துக்குள் மழையோடு இறங்கும் குளிர்க்காற்று தரையில் மோதி முன்னால் பரவுவதுதான் அது. அமெரிக்கப் படத்தில் பார்த்த பெரிய முகப்பின் சிறு வடிவம் என்று பிறகு புரிந்தது. ஆனால் அது ஒரு நாள் முன்னால் வருவதில்லை, சில நிமிடங்கள் முன்னால்தான் வருகிறது. அதை உணரும்போது இடிமேகம் ஏறத்தாழத் தலைக்கு மேல் வந்துவிட்டது என்றே பொருள்.

லாரி காத்திருந்தது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். இன்னும் பதினைந்து நிமிடம், இந்த நிரையை முடித்துவிடலாம் என்றேன்.

இரண்டு நிரைக்கு அப்பால் ஒரு மரத்தில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் பிரிந்து வரவில்லை. இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் அப்போதுதான் கோலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்திருந்தார். நிலத்தில் பரவிய மின்சாரம் அவரைத் தூக்கிப் போட்டது. காது கேட்கவில்லை, வலது கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பினார். கோலைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அவர் வீட்டுக்கு எழுத நேரவில்லை. அடிபட்ட மரத்தின் மட்டைகள் சில வாரங்களில் பாவாடைபோலத் தொங்கின. பிறகு குருத்தும் காய்ந்தது. அந்த வெற்றிடம் இன்றும் நிரையில் இருக்கிறது. கடக்கும்போதெல்லாம் நடையைத் தளர்த்துகிறேன்.

அன்றிலிருந்து குளிர்க்காற்றுக்குக் காத்திருப்பதில்லை. முதல் இடி காதில் விழுந்ததுமே விசில். இடி கேட்கிற தூரத்தில் நாம் இருந்தால், மின்னல் எட்டுகிற தூரத்திலும் இருக்கிறோம்; மழை பெய்யாத இடத்தில்கூட, மேகத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, அது விழும். கோல்கள் புல்லில் படுக்க வேண்டும். ஆட்கள் தகரக் கொட்டகைக்குப் போகாமல், கூரையும் கதவும் மூடிய வண்டிகளுக்குள் ஏற வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. என் பாட்டி இடி கேட்டால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவார். கதவைச் சாத்தியது சரியான காரியம்.

இதில் என்னை உறுத்துவது கூலி. அறுவடைக்காரருக்கு வெட்டிய எடைக்குத்தான் பணம். நான் விசில் ஊதும் ஒவ்வொரு முறையும் அவர் பையிலிருந்து எடுக்கிறேன். அதனால்தான் "மேகம் தொலைவில் இருக்கிறது, இன்னும் இரண்டு மரம்" என்று கெஞ்சுகிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஊரில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்ப வேண்டியவர் வேறு என்ன செய்வார்? இடிக்காக நிறுத்திய நேரத்துக்கு நாள் கூலிக் கணக்கில் பணம் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். இந்த ஆண்டு ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபரில் அடுத்த இடைக்காலம் வரும், அதற்கும் எழுதியிருக்கிறேன். சுமத்ரா பக்கமிருந்து இரவில் கிளம்பி, விடியுமுன் நீரிணையைத் தாண்டி வரும் புயல்மழையையும் சேர்த்திருக்கிறேன். அது காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் வந்து அன்றைய வேலையையே கெடுத்துவிடும்.

நேற்று 2.40க்கு முதல் இடி. விசில் ஊதினேன், யாரும் கெஞ்சவில்லை. வண்டிக்குள் எட்டுப் பேர், ஈரமும் வியர்வையும் கலந்த வாடை, அக்காவின் பிளாஸ்க்கில் தேநீர். மேற்கே மின்னியது. லொம்போக்காரரும் வங்காளதேசத்துப் பையன்களும் அக்கா சொல்லிக்கொடுத்த தமிழில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். பன்னிரண்டில் இடித்தது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால், நான்கு கிலோமீட்டர்.