பூக்குழியில் எதைச் சோதிக்கலாம்?

மத நம்பிக்கையை அறிவியலால் எடைபோட முடியுமா என்று கேட்டால், "கூடவே கூடாது" என்று ஒரு பக்கமும் "போட்டால் ஒன்றுமே மிஞ்சாது" என்று மறுபக்கமும் குரல் எழும். இரு தரப்பும் நம்பிக்கையை ஒரே கட்டியாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு நம்பிக்கைக்குள் பல கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது பொய்யாக இருந்தால், கண்ணுக்கு முன்னால் எது வேறு மாதிரி நடக்கும்?

தீமிதியை வைத்துப் பார்க்கலாம். அதில் குறைந்தது மூன்று கூற்றுகள் உண்டு. காப்புக் கட்டி விரதம் இருந்தவரை நெருப்பு சுடாது. சுட்டால் விரதத்தில் குறை. அம்மன் நேர்த்திக்கடனை ஏற்றுக்கொள்கிறாள்.

முதல் கூற்று உடம்பையும் நெருப்பையும் பற்றியது. ஆகவே சோதிக்கலாம். 1935இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் அமானுஷ்யக் கூற்றுகளை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் என்பவர் குழி வெட்டி, குடா பக்ஸ் என்ற காஷ்மீரியரை நடக்கவிட்டுப் பாதங்களைப் பரிசோதித்தார். கங்கின் மேற்பரப்புச் சூடு சுமார் 430 டிகிரி செல்சியஸ். பாதத்தில் கொப்புளம் இல்லை. விறகுக்கங்கு வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது, கால் அதன்மேல் இருக்கும் நேரமும் மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் கண்ட விளக்கம்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு பொருள்கள் தொடும்போது, தொடும் இடத்தின் சூடு இரண்டில் எது வெப்பத்தை விரைவாகக் கொடுத்து வாங்குமோ அதன் பக்கம் சாயும். 500 டிகிரி கங்கின்மேல் கால் வைத்தால் தோலின் மேற்பரப்பு தோராயமாக 100 டிகிரியை ஒட்டி நிற்கும். அதே 500 டிகிரியில் இரும்புத் தகடு என்றால் 450ஐத் தாண்டிவிடும். அடுப்பிலிருந்து தெறித்த கங்கை விரலால் சட்டென்று எடுத்து உள்ளே போடும் பாட்டி, அதே அடுப்பில் கிடந்த இடுக்கியின் முனையைத் தொடமாட்டார். 100 டிகிரியும் சுடக்கூடிய சூடுதான். ஆனால் ஓர் அடிக்கு அரை நொடி என்றால், அதற்குள் வெப்பம் தோலுக்குள் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். குதிகாலில் காய்த்துப்போன தோல் அதைவிடத் தடிமன். மேலே படிந்த சாம்பல் இன்னொரு திரை. ஈரக்கால்தான் காப்பாற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். காய்ந்த காலோடு நடந்தவர்களும் சுடாமல் கரையேறியிருப்பதால் அந்த விளக்கம் போதாது.

எங்கே சுடுகிறது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். உள்ளங்கால் வளைவிலும் விரலிடுக்கிலும் தோல் மெல்லியது, கொப்புளம் அங்கேதான் முதலில் எழும். கங்கை ஆழமாகக் குவித்தால் பாதம் புதைந்து, புறங்காலில் நெருப்பு படும். ஓடினால் விரல்முனை கங்குக்குள் குத்தும். நின்றாலோ தடுக்கி விழுந்தாலோ அரைநொடிக் கணக்கு செல்லாது. பழைய கதவு, சட்டம் போன்றவற்றை விறகாகப் போட்டால் ஆணிகள் கங்கோடு கலந்துவிடும், அதுதான் மிக மோசம். மஞ்சள் நீரில் நெடுநேரம் ஊறிய பாதத்தில் சிறு கங்கு ஒட்டிக்கொண்டே வரும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, புண் பிறகுதான் தெரியும்.

விரதத்துக்குப் பங்கு உண்டா என்று அறிய, விரதம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஒரே குழியில் ஒரே நாளில் நடக்க வேண்டும். வரிசையைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் இறங்குபவருக்குச் சூடு அதிகம், நூறாவது ஆளுக்கு மிதிபட்டுச் சாம்பல் பூத்த கங்கு. யார் எந்தக் கூட்டம் என்று தெரியாத மருத்துவர் அன்றும் மறுநாள் காலையும் பாதத்தைப் பார்க்க வேண்டும், சில கொப்புளம் தாமதமாக எழும். இவ்வளவு ஏற்பாடு இல்லாமலேயே ஒன்று தெளிவு: கடவுளை மறுக்கும் திராவிடர் கழகத்தாரும் தீமிதித்துக் காட்டியிருக்கிறார்கள். விரதம் இருந்தால்தான் சுடாது என்பது அத்தோடு விழுந்துவிடுகிறது.

இரண்டாவது கூற்றுக்கு வெப்பமானி தேவையில்லை, தர்க்கம் போதும். "பக்தி இருந்தால் சுடாது" என்பதை ஏற்றால், "சுட்டது, ஆகவே பக்தி இல்லை" என்பது முறையாகவே பிறக்கும். "சுடவில்லை, ஆகவே பக்தி இருக்கிறது" என்பது பிறக்காது, சுடாமலிருக்க வேறு காரணம் இருக்கலாம். சுட்ட பிறகுதான் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், அந்தக் கூற்று எந்த நிலையிலும் தோற்காது. தோற்கவே முடியாத கூற்று நெருப்பைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. இதை மேற்கத்தியர் கொண்டுவந்த கெடுபிடியாகப் பார்க்க வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப் போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று பிழையான வாதங்களை வகை பிரிக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்ற பகுதி, எதை வைத்து அறிகிறோம் என்ற அளவையில்தான் தொடங்குகிறது: காண்டல் (நேரில் பார்ப்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நூல் சொல்வது). உரைக்கு இடம் உண்டு. அதற்காகக் காண்டலைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது கூற்றில் அளவுகோல் நின்றுவிடுகிறது. அம்மன் ஏற்றாளா என்பதற்கு எந்தப் பாதத்தையும் பார்த்து விடை சொல்ல முடியாது, அது பொய்யானால் எது மாறும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இங்கே அறிவியல் பெயரால் தீர்ப்பு எழுதுபவர்கள் தங்கள் கருவியை மீறிப் பேசுகிறார்கள். ஆனால் சடங்கு மனிதர்களை என்ன செய்கிறது என்பதை அளக்க முடியும். ஸ்பெயினின் சான் பெட்ரோ மான்ரிக்கே கிராமத்துத் தீமிதியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2011இல் வெளியிட்டார்கள். நடப்பவரின் துடிப்போடு, பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்துப் போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த அந்நியர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை.

பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா என்பதும் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். முன்பின் தெரியாத குழுவினர் 14 நாள் பிரார்த்தித்தார்கள். தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், நடந்த கூட்டத்தில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காத கூட்டத்தில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். சொந்தக் குடும்பம் வீட்டில் வேண்டிக்கொள்வதை எந்த ஆய்வும் தடுக்க முடியாது, அதனால் இது கடவுளைச் சோதித்த ஆய்வு ஆகாது. அந்நியர் செய்யும் கூடுதல் பிரார்த்தனை சிக்கலைக் குறைக்கும் என்ற ஒரே கூற்றைத்தான் சோதித்தார்கள், அது நிற்கவில்லை.

பூக்குழி ஓரத்தில் இந்தப் பிரிவினை வெறும் வாதமாக இருப்பதில்லை. கொப்புளத்தோடு கரையேறும் பெண்ணிடம் "தீட்டா, விரதத்தில் என்ன தப்பு செய்தாய்?" என்று ஊரே கேட்கிறது. கேட்க வேண்டியது, எத்தனை நொடி கால் பட்டது, ஒட்டிய கங்கு உதிர்ந்ததா என்பதுதான். கொலுசு, மெட்டி இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, குழாயடியில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காலைப் பிடிக்க வைக்க வேண்டும். மஞ்சளோ மாவோ பூச வேண்டாம்.