தரம் 10இல் வடிவமைப்புத் தொழினுட்பவியல்: பாடத் தெரிவிலிருந்து செயற்றிட்டக் கோவை வரை

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 9 முடியும் தறுவாயில் பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மூன்றாம் தொகுதியில்தான் நெருக்கடி. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரம் எல்லாம் இருக்கும் அதே தொகுதிக்குள்தான் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றவை இல்லை. கணினியும் வேண்டும், மின்னும் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தத் தொகுதி இடம் தராது.

பெரும்பாலான வீடுகளில் இந்தத் தெரிவு "எதில் ஏ எடுப்பது சுலபம்" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தப் பாடசாலையில் இந்தப் பாடத்தைச் செய்து காட்ட ஆளும் கருவியும் இருக்கிறதா? படிவத்தில் பாடத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்காகத் தொழிற்கூடம் இயங்குகிறது என்று அர்த்தமில்லை. படிவம் கொடுக்குமுன் பெற்றோர் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. மின், இலத்திரனியல் என்றால் வேலை செய்யும் பல்மானிகள் (மல்ற்றிமீற்றர்) எத்தனை, பற்றாசுக்கோல்கள் (சோல்டரிங் அயர்ன்) எத்தனை என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைக்கு இரண்டு பல்மானி என்றால் அளவீடு கரும்பலகையிலேயே நடக்கும். பொறிமுறை என்றால் வைஸ் பூட்டிய வேலை மேசையும், திறந்து வைத்த ஒரு பழைய எஞ்சினும் இருக்கிறதா என்று பாருங்கள். நிர்மாணத்துக்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். வரைபலகை, சாந்தகப்பை, தூக்குக்குண்டு, நீர்மட்டம், ஒரு குவியல் கல் போதும். அதனாலேயே வசதி குறைந்த பாடசாலையில் முழுமையாகச் செய்து படிக்கக்கூடியது நிர்மாணம்தான் என்பது என் கணிப்பு.

தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடத்தில் பிள்ளை எதை விரும்பிச் செய்தது என்பதும் ஒரு நல்ல அறிகுறி. கைவேலை பிடிக்கும், ஆனால் அளவு பிடிக்காது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் பொதுவான அத்திவாரம் வரைதல். அதில் மில்லிமீற்றர் சரியாக இருக்க வேண்டும்.

வரைதலை முதல் தவணையிலேயே பிடித்துக்கொள்ளாதவர்கள் இரண்டு வருடமும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2எச் பென்சிலால் மெல்லிய கட்டமைப்புக் கோடு, எச்பி பென்சிலால் தடித்த வெளிக்கோடு, 45 பாகை மற்றும் 30-60 பாகை மூலைமட்டம் இரண்டு, நல்ல கவராயம் ஒன்று. இவ்வளவும் சொந்தமாக வேண்டும். பகிர்ந்தால் பயிற்சி குறையும். எல்லாக் கோட்டையும் ஒரே பென்சிலால் ஒரே தடிப்பில் கீறுவது பரவலான பிழை. மறைந்த விளிம்பு துண்டுக்கோடு, மையக்கோடு நீளத்துண்டும் குறுந்துண்டும் மாறி மாறி வருவது. இவை கலந்துவிட்டால் உருவம் சரியாக இருந்தும் படம் வாசிக்க முடியாததாகிவிடும்.

அதிகம் பேர் வழுக்குவது முதற்கோண எறியத்தில், அதாவது ஒரு பொருளின் முகப்பு, பக்க, மேல் தோற்றங்களைத் தாளில் வைக்கும் ஒரு முறையில். மனப்பாடம் செய்தால் பரீட்சை மண்டபத்தில் தலைகீழாகும். விளங்கிக்கொள்ள ஒரு வழி: பொருளை அறையின் நடுவில் வைத்து, பார்ப்பவருக்கும் சுவருக்கும் இடையில் பொருள் நிற்பதாக எண்ணுங்கள். இடப்பக்கமிருந்து பார்த்தால் உருவம் வலப்பக்கச் சுவரில் விழும். ஆகவே இடப்பக்கத் தோற்றம் முகப்புத் தோற்றத்துக்கு வலப்பக்கம் வரும். மேலிருந்து பார்த்தால் உருவம் நிலத்தில் விழும். கிடைப்படம் முகப்புக்குக் கீழே வரும். மற்ற முறையான மூன்றாங்கோணத்தில் சுவர் கண்ணாடியாகி, பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையில் வந்துவிடும். எல்லாம் பார்த்த பக்கத்திலேயே நிற்கும். தீப்பெட்டி ஒன்றில் ஒரு மூலையை வெட்டிவிட்டு இரண்டு முறையிலும் வரைந்து பார்த்தால் குழப்பம் தீரும்.

அடுத்து செயற்றிட்டம். "என்ன செய்யலாம்" என்று தேடுவதில் காலம் போகிறது. எளிய ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் சொல்லக்கூடியதாகச் செய்தால் போதும். மின், இலத்திரனியலில் 5 வோல்ற்று நேரோட்ட வழங்கி அப்படியொன்று. கடையில் பத்து நிமிடத்தில் பாகம் வாங்கலாம்; ஆனால் கணக்குப் போடாமல் வாங்கினால் அது வேலை செய்யாது.

0.5 அம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றை 12 வோல்ற்றாக்கும் நிலைமாற்றியைத்தான் பலர் கேட்கிறார்கள். 12 என்பது சராசரி வர்க்கமூலப் பெறுமானம் (ஆடலோட்டத்தின் பயன்படு அளவு). உச்சம் 12 × 1.414 = 17 வோல்ற்று. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் நான்கு இருவாயிகள் (டயோட்) கொண்ட பாலச் சீராக்கியில் ஒரு நேரத்தில் இரண்டு இருவாயிகள் கடத்தும், தலா 0.7 வோல்ற்று போக மிச்சம் 15.6. அதை 7805 என்ற வோல்ற்றளவுச் சீராக்கி ஐ.சி. 5 ஆக்கும்போது 10.6 வோல்ற்று வெப்பமாக வேண்டும்: 10.6 × 0.5 = 5.3 வாற்று. ஹீற் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் சற்று நேரத்தில் ஐ.சி. தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பிள்ளை ஐ.சி. பழுது என்று இன்னொன்று வாங்கிவரும்.

6 வோல்ற்று நிலைமாற்றி என்றால் உச்சம் 8.5, இருவாயிகள் போக 7.1. 7805க்கு உள்ளீடு குறைந்தது 7 வோல்ற்றாவது இருக்க வேண்டும். சிறிது ஏற்ற இறக்கம் வந்தாலே விழுந்துவிடும். 9 வோல்ற்று என்றால் உச்சம் 12.7, மிச்சம் 11.3. வெப்பமும் 3 வாற்று அளவில் நிற்கும். எனவே 9 வோல்ற்று, 1 அம்பியர் நிலைமாற்றி, நான்கு 1என்4007 இருவாயிகள், சிறிய ஹீற் சிங்க்.

இனிக் கொள்ளளவி. எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் 1000 மைக்ரோபரட்டு என்று இருப்பதால் அதையே போடுகிறார்கள். முழு அலைச் சீராக்கத்தில் நொடிக்கு 100 தடவை கொள்ளளவி நிரம்பும். குற்றலை (நிரம்பும் இடைவெளியில் வோல்ற்றளவு இறங்கும் அளவு) அண்ணளவாக மின்னோட்டம் ÷ (100 × கொள்ளளவம்). 0.5 அம்பியருக்கு 1000 மைக்ரோபரட்டு என்றால் 5 வோல்ற்று குற்றலை; 11.3 கீழே 6.3 வரை இறங்கும், 7ஐத் தாண்டிக் கீழே. ஒலிபெருக்கி இணைத்தால் உறுமல் கேட்பது இதனால்தான். 2200 போட்டால் குற்றலை 2.3 அளவில், அடி 9 வோல்ற்று, பிரச்சினை இல்லை. தாங்கும் வோல்ற்றளவு 16 அல்ல, 25 எடுங்கள். சுமை இல்லாதபோது சிறிய நிலைமாற்றிகள் எழுதியிருப்பதைவிட ஒன்றிரண்டு வோல்ற்று கூடவே தரும்.

பொருத்தும்போது மூன்று இடத்தில் தவறுகிறது. இருவாயியின் வெள்ளிக்கோடு கதோட்டு. நான்கில் ஒன்று திரும்பினால் நிலைமாற்றி சூடேறும். மின்பகு கொள்ளளவியின் கோடு எதிர்முனை. அது திரும்பினால் வெடிக்கும், முகத்தைக் கிட்ட வைக்கவே கூடாது. 7805இன் எழுத்தைப் பார்த்தபடி பிடித்தால் இடமிருந்து வலம் உள்ளீடு, புவி, வெளியீடு. பற்றாசு மங்கலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. கோலால் பற்றாசை உருக்காமல், காலையும் செப்புத் தகட்டையும் சூடாக்கி, அந்தச் சூட்டில் பற்றாசு உருக வேண்டும். 230 வோல்ற்றுப் பக்க வேலை உருகி (பியூஸ்) பூட்டி, காவலிட்ட பெட்டிக்குள், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

நிர்மாணத்திலும் இதே கதைதான், எண்கள் வேறு. 2 மீற்றர் × 1.5 மீற்றர் × 100 மி.மீ. கொங்கிறீற்றுத் தளம் 0.3 கனமீற்றர். 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் 0.3ஐ நேராக 7ஆல் பிரித்தால் சீமெந்து 62 கிலோ வரும். அப்படி வாங்கினால் கலவை பாதி வழியில் முடியும். காய்ந்த மணலுக்கும் சல்லிக்கும் இடையிலுள்ள வெற்றிடம் கலந்ததும் நிரம்பிவிடுவதால் 1.54ஆல் பெருக்க வேண்டும்: 0.462 ÷ 7 = 0.066 கனமீற்றர், ஒரு கனமீற்றர் சீமெந்தின் எடையான 1440 கிலோவால் பெருக்கினால் 95 கிலோ. 50 கிலோப் பை இரண்டு. மணல் 0.132, சல்லி 0.264 கனமீற்றர், தண்ணீர் சீமெந்தின் எடையில் பாதியளவு. இழுக்க இலகுவாக இருக்கட்டும் என்று தண்ணீர் சேர்த்தால் உறுதி குறையும். குறைந்தது 7 நாள் நனைத்து வைக்காவிட்டாலும் அப்படியே. 220 × 105 × 65 மி.மீ. செங்கல்லில் ஆங்கிலக் கட்டு (ஒரு வரிசையில் கல்லின் நீளப்பக்கமும் அடுத்த வரிசையில் குறுகிய முனையும் தெரிய அடுக்கும் முறை) வரையும்போது மூலையில் குறுகிய முனை தெரிய வைத்த கல்லுக்கு அடுத்ததாக, நீளவாக்கில் பாதியாகப் பிளந்த கல் வராவிட்டால் நிலைக்குத்து மூட்டுகள் ஒரே கோட்டில் விழும். படத்தில் இந்தப் பாதிக்கல்லை மறப்பவர்கள் ஏராளம்.

பொறிமுறைக்கு ஒரு வரி: எம்8 புரிக்கு 8 மி.மீ. துளையிட்டால் புரி விழாது, 6.8 துளைக்க வேண்டும்.

செயற்றிட்டக் கோவையில் எல்லோரும் முடிந்த பொருளின் படத்தைப் பெரிதாக ஒட்டுகிறார்கள். அதைவிட 12 வோல்ற்றையும் 6 வோல்ற்றையும் ஏன் விட்டீர்கள் என்ற அரைப்பக்கக் கணக்குப் பெறுமதியானது. தேவை, மாற்று யோசனைகள், தெரிவுக்கான காரணம், அளவோடு வரைபடம், பொருட்பட்டியலும் விலையும், செய்த படிகள், அளந்த பெறுமானங்கள், அடுத்த முறை மாற்றக்கூடியது என்ற வரிசையில் அன்றன்றே எழுதிவர வேண்டும். கடைசி வாரத்தில் எழுதும் கோவையில் அளவீடுகள் எல்லாம் முழு எண்ணாக இருக்கும். ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

சாதாரண தரப் பரீட்சையில் முதற்பத்திரம் 40 பல்தேர்வு வினா. இரண்டாம் பத்திரத்தில் முதல் வினா கட்டாயம். செய்து படித்தவர்களுக்கு "காரணம் தருக" என்று வரும் பகுதிகள் மிக இலகு. பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலையும் வைத்துப் பயிற்சி செய்தால் தனியார் வகுப்பு இல்லாமலே எழுதலாம். தமிழ் மூலம் இந்தப் பாடங்களுக்கு வகுப்புக் கிடைப்பதும் அரிது. ஆசிரியரிடம் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி இருந்தால் செயன்முறைப் பட்டியலை அதிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடம் எடுத்தால்தான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவுக்குப் போகலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படியில்லை. 2013இல் தொடங்கிய அந்தப் பிரிவில் பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒன்று, தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. அதற்குக் கைகொடுப்பது கணிதமும் விஞ்ஞானமும். ஏ ஒன்று மூன்றாம் தொகுதியில் வந்தும் கணிதம் எஸ் (சாதாரண சித்தி) என்றால் கஷ்டம். அந்தப் பிரிவில் பொறியியற் தொழினுட்பவியல் வழியில் கிடைப்பது பொறியியற் தொழினுட்பப் பட்டம். வழமையான பொறியியல் பீடம்தான் இலக்கு என்றால் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உயர்தரம் தொடங்கிய பிறகு அறிபவர்களே அதிகம்.

வடக்கில் யாழ். பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கு அதே அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், மாவட்டங்களில் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழி திறந்திருக்கின்றன. அங்கே நேர்முகத்துக்குப் போகும்போது பெறுபேற்றுத் தாளோடு அந்தச் செயற்றிட்டக் கோவையையும் கொண்டுபோங்கள்.