மிலிட்டரிக்காரர்கள் ஊரில் ஓர் அகதி

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் போய் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால், "எந்த மிலிட்டரிக்காரர்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே பட்டாளத்துக்கு ஆள் போகும் ஊர். 'ராணுவப்பேட்டை' என்றே பட்டப்பெயர். இங்கே பட்டாளம் என்றால் நிலையான சம்பளம், பென்ஷன், கேண்டீன் சாமான், நல்ல இடத்தில் பெண். விடியற்காலையில் ரோட்டோரம் பையன்கள் கூட்டமாக ஓடினால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஆள் எடுப்புக்குத் தயாராகிறார்கள்.

எனக்கு இது விளங்கவே வருடக்கணக்கானது. நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவன். எங்களுக்கு ஆமி என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். எந்த நாட்டு ஆமி என்பதெல்லாம் ஓடி முடித்த பிறகு யோசிக்கிற விஷயம். ஆமி இல்லாத நாட்களில் பள்ளிக்கூடத்துப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போக ஆயுதம் தூக்கிய இயக்கம் வந்து நிற்கும். அதற்கும் அம்மாக்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். இதை எங்கள் ஆட்களே சிலர் எழுத விரும்புவதில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் மன்னார் வழியாகப் படகேறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் அகதி முகாமில் பதிவு, அப்புறம் வேலூர்ப் பக்கம் ஒரு முகாம். பத்துக்குப் பத்து அறை, தார் அட்டைக் கூரை. வேலூர் வெயிலில் அந்த அட்டை உருகி மணக்கும். பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் நாங்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், தடுப்பு அவ்வளவு மெல்லிசு. வேலைக்குப் பெங்களூர் வரை போனாலும் கணக்கெடுப்பு நாளில் முகாமில் தலையைக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். மேல்மொணவூரில் 2023 செப்டம்பரில் நடந்த விழாவில் முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாடு முழுக்க முகாம்களுக்குக் கட்டிய 1,591 வீடுகளைத் திறந்துவைத்தார். அதில் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. காங்கிரீட் கூரை, தனிச் சமையலறை. அம்மா முதல் ஒரு வாரம் சமையலறைக்குக் கதவு இருப்பதைத் திறந்து திறந்து பார்த்தா.

எங்களுக்கு முன்னாலேயே இந்த ஊருக்குச் சண்டையில் தோற்று வந்த இலங்கைக்காரர் ஒருவர் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, மறு வருடம் வேலூர்க் கோட்டைக்குள் வைத்தார்கள். 1832இல் செத்துப்போகும் வரை ஊர் திரும்பவில்லை. சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. ராஜாவுக்குக் கோட்டை, எங்களுக்குத் தார் அட்டை. மற்றபடி வெளியே போக அனுமதி கேட்கும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முகாம் ஆண்களில் பெரும்பாலோர் மாதிரி நானும் பெயிண்டர். அப்படித்தான் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். ஹாலில் சுவரைச் சுரண்டுவதற்கு முன் படங்களைக் கழற்ற வேண்டும். சீருடையில் அவருடைய இளவயதுப் படம் ஒன்று. அதைத் துணியில் சுற்றும்போது கேட்டார்.

"எந்த ஊரு தம்பி நீ? பேச்சு இந்தப் பக்கம் மாதிரி இல்லியே."

"இலங்கை ஐயா. யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்துல எங்க?"

வழக்கமாக இங்கே யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கோண்டாவில் என்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்..." என்று வரிசையாகச் சொன்னார். பஸ் கண்டக்டர் சொல்கிற மாதிரி அல்ல. மேப்பைப் பார்த்து மனப்பாடம் செய்தவர் சொல்கிற மாதிரி. எனக்குக் கையில் படம் கனத்தது.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டதும் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது. என் அம்மாவும் ரோட்டில் நின்றா. இனி ஷெல் விழாது என்று எல்லோரும் நம்பிய நாட்கள் அவை. அக்டோபரில் அதே படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. தீபாவளியன்று, அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று பலர் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பும்போது அவர்கள் பக்கத்திலும் ஆயிரத்துக்கு மேல் போயிருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை.

அந்த வரவேற்பு இல்லாமல் போனதுதான் ஹவில்தார் ஐயாவுக்கு இன்னும் ஆறவில்லை. "சமாதானம் பண்ணணும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க தம்பி. அங்க ஜனங்க திட்டுனாங்க. இங்க வந்தா இவங்களும் திட்டுறாங்க. நாங்க இன்னாபா பண்றது?" என்றார். பங்களாதேஷ், கார்கில் என்று போனவர்களுக்கு ஊரில் கதை சொல்ல ஆள் கூடும். இலங்கைக்குப் போனவர்கள் வாயைத் திறப்பதில்லை. நான் பார்த்தவரை, அந்தச் சண்டையைப் பற்றி வேலூரில் பேசாமல் இருப்பவர்கள் இரண்டு கூட்டம். முகாம்காரர்களும் அந்த மிலிட்டரிக்காரர்களும்.

என் பெரியண்ணன் அந்த அக்டோபரில்தான் ஷெல் பட்டுப் போனான். இதை அவரிடம் சொல்லவே நாளாயிற்று. வேலை முடிந்து, வேறு வீட்டு வேலைக்கும் அவரே சிபாரிசு செய்து, டீ குடிக்கக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிய பிறகுதான் சொன்னேன். "வயசு?" என்று மட்டும் கேட்டார். பதினேழு. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் படையின் ஷெல்லா, யாருடையது என்று எனக்கும் தெரியாது. ஷெல்லில் பெயர் எழுதியா வருகிறது?

இப்போது கதை வேறு பக்கம் போய்விட்டது. அவருடைய பேரனும் என் மகனும் ஒரே காலேஜ். விடியற்காலையில் சேர்ந்து ஓடுகிறார்கள். என் மகன் பேரனை முந்துகிறானாம், தாத்தாவே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒருநாள் இவன் வீட்டில் வந்து, அக்னிவீர் பட்டாளச் சேர்ப்புக்கு நானும் போடட்டுமா என்றான். அம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டா. "என்ர பிள்ளையை ஆமி தின்டது. பேரன் ஆமிக்கோ?" இவன், "அது வேற ஆமி அப்பம்மா" என்றான். "அதேதான்டா அது" என்றா.

ஐயா அவனுக்காகத் தெரிந்த இடத்தில் விசாரித்தார். குடியுரிமை கேட்கிறார்கள். இவன் வேலூரிலேயே பிறந்தவன்தான், இலங்கையைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால், பெற்றவர்களில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நாங்கள் இருவருமே முகாம். சரி, ஆகாது என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் கோபம் வந்தது, ஓடி முந்துகிறவனை ஒரு தாள் நிறுத்துகிறதே என்று. அவன் இன்னும் தினமும் ஓடுகிறான். இந்த மாதச் சம்பளத்தில் அவனுக்கு நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.