நீருக்குள் மறைந்த மேடையும் காசிமேட்டுப் பாரும்

காசிமேட்டில் படகு ஓட்டிய என் பெரியப்பா, ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முந்தைய காலத்தில், கடலுக்கடியில் மீன் அடையும் ‘பார்’ என்னும் பாறைத் திட்டைக் கரையிலுள்ள அடையாளங்களைக் கொண்டே கண்டுபிடித்தவர். எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி எங்கே தெரிய வேண்டும், தெற்கே கலங்கரை விளக்கம் எதன் பின்னால் வர வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தன. சுண்டெலிகளின் நினைவாற்றலைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு விளங்கியது.

நாங்கள் செய்வது நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மாரிஸ் 1981-இல் எலிகளுக்காக வகுத்து வெளியிட்ட தண்ணீர்த் தொட்டிச் சோதனை. வட்டமான தொட்டியில் நீரை நிரப்பி, நஞ்சில்லாத வெள்ளை வண்ணத்தைக் கலக்கி, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே சிறிய மேடை ஒன்றை வைப்போம். சுண்டெலியின் கண்ணுக்கு மேடை தெரியாது. தொட்டிக்கு வெளியே உள்ள படங்கள் மட்டுமே தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து இறக்குவதால், ‘வலப்பக்கம் திரும்பினால் போதும்’ என்று அது பழகிக்கொள்ள வழியில்லை. முதல் நாள் தொட்டிச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தும் சுண்டெலி, ஐந்தாம் நாள், மீசை மட்டும் நீருக்கு மேலே நடுங்க, நேராக மேடைக்குப் போய் ஏறி நின்று முகம் துடைத்துக்கொள்ளும். துண்டால் துவட்டி வெதுவெதுப்பான கூண்டில் விடும்போது, அந்தச் சின்ன உடம்பின் இதயத் துடிப்பு என் உள்ளங்கையில் தெரியும்.

விரைவாக மேடையை அடைவது மட்டுமே நினைவாற்றலுக்குச் சான்றாகாது. நீந்தும் வலிமை கூடியிருந்தாலும் நேரம் குறையும். சி3எச் வகைச் சுண்டெலிகளைப் போல விழித்திரை கெட்டுப்போகும் மரபணுக் குறை இருந்தால், நினைவு நன்றாக இருந்தாலும் தோற்றுப்போகும். அதனால்தான் கொடி நட்ட மேடையை வைத்துப் பார்வையைத் தனியாகச் சோதிக்கிறோம். பிறகு மேடையையே எடுத்துவிட்டு 60 விநாடி நீந்த விடுகிறோம். எதுவும் நினைவில்லாத விலங்கு, மேடை இருந்த கால்வட்டத்தில் ஏறத்தாழ 15 விநாடிதான் இருக்கும். நினைவுள்ளது அங்கேயே குறுக்கும் நெடுக்குமாகத் தேடும். மூளையில் இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி சேதமடைந்த எலிகளால் இப்படித் தேட முடிவதில்லை என்று மாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் 1982-இல் காட்டினார்கள்.

சென்ற ஆண்டு, மருந்து கொடுத்த கூட்டம் இந்தக் கடைசிச் சோதனையில் முழுவதுமாகத் தோற்றது. மருந்துதான் நினைவைக் கெடுத்துவிட்டது என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேமரா வரைந்த நீச்சல் தடங்களை இரவு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “தேடாம இல்லியேம்மா, ஒரே எடத்துலதான தேடுது? கரையில அடையாளத்த யாராவது மாத்திட்டாங்களா?” என்று கேட்டார்.

மாற்றித்தான் இருந்தார்கள். தொட்டியைச் சுற்றித் தொங்கும் திரையில்தான் படங்கள் தைக்கப்பட்டிருந்தன. அதைத் துவைத்துத் திரும்பக் கட்டியபோது கால்வட்டம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். மருந்து கொடுக்காத கூட்டத்தின் சோதனையைத் திரை துவைக்கப்படுவதற்கு முன்பே முடித்திருந்தோம்; மருந்து பெற்ற கூட்டமோ பழைய திரையில் பழகி, கடைசிச் சோதனையை மட்டும் தள்ளிக் கட்டிய திரையில் சந்தித்தது. மருந்து பெற்ற சுண்டெலிகள், படங்களின்படி மேடை எங்கே இருக்க வேண்டுமோ, மிகச் சரியாக அங்கேதான் தேடியிருக்கின்றன. தவறு எங்களுடையது, பழி அவற்றின் நினைவாற்றல் மீது விழ இருந்தது.

அந்தத் தரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புதிய விலங்குகளோடு முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது திரை தொங்கும் கம்பியில் நான்கு திசைகளிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். காலையில் நீர் நிரப்பும் முன், திரையின் தையல் நான்கும் அந்த நூல்களுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக் குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறேன்.