சாட்ஸ்வொர்த்: 14 வாரத்தில் தவறிய கணக்கு

இங்கிலாந்தின் டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் நிற்கும் சாட்ஸ்வொர்த், கேவண்டிஷ் குடும்பத்தின் மாளிகை. 1549-இல் சர் வில்லியம் கேவண்டிஷும் மனைவி பெஸ்ஸும் 600 பவுண்டுக்கு இடத்தை வாங்கி, 1552-இல் கட்டத் தொடங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் தெற்கு முகப்பு அவர்கள் காலத்தது அல்ல. 1687-இல் அவர்கள் வழிவந்த நான்காம் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) அந்தப் பக்கத்தை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். 1694-இல் அதைவிட உயர்ந்த பட்டம் பெற்று டெவன்ஷயர் டியூக் ஆனார். கட்டட வேலையை மட்டும் நிறுத்தவில்லை. 1707-இல் அவர் இறப்பதற்குள் நாலு பக்கமும் புதிதாகிவிட்டது.

செலவாளி என்றால் ஆறாம் டியூக்தான். தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனை வைத்து, 1836-இல் ஒரு பெரிய கண்ணாடிப் பசுமைக்கூடத்தை எழுப்பத் தொடங்கினார். அதைச் சூடாக வைக்க 8 கொதிகலன்கள், 7 மைல் இரும்புக் குழாய். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, செடிகள் செத்தன. 1920-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே பாக்ஸ்டன் 1844-இல் ரஷ்யப் பேரரசரின் வருகைக்காக அமைத்த நீரூற்று இன்றும் பீறிடுகிறது. (பேரரசர் வரவே இல்லை.) மேலே மேட்டுநிலத்தில் வெட்டிய ஏரியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும் அழுத்தமே போதும். பம்பு வேண்டாம், கரி வேண்டாம்.

ஆனால் வீட்டையே ஆட்டியது மரண வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு அரசு போடும் வரி. 1894-இல் அது வந்தபோது உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-இல் 40 ஆனது, 1949-இல் 80. இதிலிருந்து தப்ப ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே சொத்தை வாரிசுக்கு எழுதிவைப்பது. எழுதியவர் குறிப்பிட்ட காலம் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தக் கெடு 1946-இல்தான் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. அதே ஆண்டு சொத்தை மாற்றிய பத்தாம் டியூக், 1950 நவம்பர் 26-ஆம் தேதி 55 வயதில் திடீரென இறந்துபோனார். கெடு முடிய 14 வாரம் பாக்கி. பழைய 3 ஆண்டுக் கணக்கு இருந்திருந்தால் ஒரு பைசா சிக்கல் இல்லை.

மூத்த மகன் 1944-இல் போரில் இறந்துவிட்டதால், 80 சதவீதச் சுமை இளையவர் ஆண்ட்ரூவின் தலையில் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் விற்பனைக்குப் போனது. ரெம்பிராண்ட், ஹோல்பைன் ஓவியங்கள் கைமாறின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையே வரிக்கு ஈடாக அரசிடம் சென்று, 1959-இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்தது. முழுத் தொகையும் தீரப் பல ஆண்டுகள் ஆயிற்று.

அடுத்த சாவுக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும். 1981-இல் பிரெஞ்சு ஓவியர் பூசானின் ஓவியம் ஒன்றையும் வேறு சிலவற்றையும் விற்று மூலதனம் சேர்த்து, ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். மாளிகையும் தோட்டமும் 99 ஆண்டுக் குத்தகையில் அதன் கைக்குப் போயின. பராமரிப்பை அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு டியூக் குடும்பம் சந்தை விலையில் வாடகை கட்டுகிறது.