சன்னல் இல்லாத சுவர்

திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு மனை. மண் நிரத்த வந்த ஜேசிபியின் பக்கெட் பட்டு, கன்னிமூலையில் இடுப்பளவு உயரத்தில் நின்ற கரையான் புற்றின் மேல்முனை உடைந்துவிட்டது. உள்ளே கை நுழையும் அகலத்தில் ஒரு துளை. மூத்த கொத்தனார், "சாரே, நாளைக்குக் காலையில வந்து பாருங்க. சிதல் அடைச்சிருக்கும்" என்றார். எங்கள் பக்கம் கரையானைச் சிதல் என்போம்.

அடைத்திருந்தது. புது மண் காப்பித்தூள் நிறத்தில் ஈரமாக இருந்தது. கடுகைவிடச் சிறிய உருண்டைகள், ஒன்றோடொன்று எச்சிலால் ஒட்டி. விரல் வைத்தால் அமுங்கியது. பக்கத்திலேயே இருந்த பழைய சுவரை நகத்தால் கீறக்கூட முடியவில்லை. எங்கேயும் சன்னல் மாதிரி ஒரு திறப்பு கிடையாது. அதைப் பார்த்ததும் நான் முன்பு கட்டின குளச்சல் வீடு ஞாபகம் வந்தது.

கட்டட வேலைக்கு வந்த புதிதில் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் இருக்கும் ஈஸ்ட்கேட் கட்டடம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. கரையான் புற்றைப் பார்த்து கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்தது, 1996-இல் திறந்தார்கள். இரவுக் குளிர்காற்றைக் கட்டடத்துக்குள் ஓடவிட்டு கான்கிரீட்டைக் குளிரவைப்பார்கள். பகலில் அந்தக் குளிர்ச்சி அறைகளுக்குப் போகும், சூடான காற்று மேலே புகைபோக்கிகள் வழியே வெளியேறும். அதே யோசனையில் குளச்சலில் ஒரு வீட்டுக்குக் கனத்த சுவரும் உயரமான காற்றுக்கூண்டும் வைத்தேன். வேலை செய்யவில்லை. ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், அங்கே இரவு நன்றாகக் குளிரும். கடலோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவு வித்தியாசம் வராது. குளிராத இரவில் சுவர் எதைச் சேர்த்து வைக்கும்? பங்குனி வெயிலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் விட்டது. இரண்டாவது கோடையில் ஏசி மாட்டினார்கள். வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

புற்றையே நான் தப்பாகப் படித்திருந்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. அது வெறும் புகைபோக்கி அல்ல. நம் பக்கம் இருக்கும் கரையான் வகையின் புற்றுகளை பெங்களூரில் அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பகலில் புற்றின் ஓரத்து மடிப்புகள் முதலில் சூடாகி அவற்றில் காற்று ஏறும், நடுக்குழாயில் இறங்கும். இரவில் இது அப்படியே தலைகீழாகும். அடியில் பூஞ்சைத் தோட்டமும் லட்சக்கணக்கான பூச்சிகளும் விடும் கரியமிலவாயு இந்தச் சுற்றில் மேலே வந்து, சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து போகிறது. சுவர் முழுவதுமே மூக்கு.

இதைப் படித்த பிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்கு மறுபடி போனேன். சிறுவயதிலிருந்து பார்த்த இடம்தான். ஆனால் சாய்ந்த மர அழிகளுக்கு, அதாவது வரிசையாக வைத்த மரச்சட்டங்களுக்கு, பின்னால் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த இடத்தில் பெரிய சன்னல் ஒன்று இல்லை, சுவரே காற்றை வடித்து உள்ளே விடுகிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. புற்றின் நேர் நகல் என்று இவற்றைச் சொல்ல மாட்டேன், அங்கே வாயு கசிகிறது, இங்கே காற்றே புகுகிறது. எங்கள் ஈரக் காற்றுக்கு இதுதான் பொருந்தும்.

திருவட்டாறு வீட்டில் மேற்குச் சுவரை ஜாலியாகக் கட்டினோம். புற்றை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. "சிதலை வாசல்ல வளர்த்துக்கிட்டு நெலைக்கு அயினித் தடி கேக்கியளே" என்று, கதவு நிலைக்கு அயினி மரம் கேட்டதற்கு ஆசாரி கோபப்பட்டார், அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வீட்டுக்காரரின் அம்மா அசையவில்லை. மாசிக் கொடைக்கு வருஷம் தவறாமல் மண்டைக்காடு பகவதி கோயிலுக்குப் போகிறவர். அங்கே பகவதியே புற்று வடிவம்தான், சுமார் 15 அடி உயரம், சந்தன முகம் சாத்தியிருக்கும். கடைசியில் வீட்டை எட்டடி கிழக்கே தள்ளினோம். அடித்தளம் கருங்கல், அதன் மேல் கான்கிரீட் பட்டை, கீழ்த்தள நிலை எல்லாம் கல்.

பால் காய்ச்சின அன்று மத்தியானம் வெளியே தென்னை ஓலை அசையவில்லை. ஜாலிச் சுவர் பக்கத்தில் அந்த அம்மா ஊதுபத்தி ஏற்றி வைத்தார். புகை நேராக ஒரு முழம் ஏறி, மெல்ல முற்றத்துப் பக்கம் சாய்ந்தது.